முழங்கால் மூட்டு, மூட்டாம்! தாடை மூட்டு?

காதுக்கு முன்னால், கன்னத்தின் மேற்புறத்தில் விரலை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் ஏதோ ஒன்று உருண்டு முன்னே வருகிறது. பிறகு பின்னே போகிறது. அதுதான் தாடை மூட்டு! கீழ்த்தாடை எலும்பின் முனை, மண்டையோட்டின் பக்கவாட்டு எலும்பில் உள்ள குழியிலே பொருந்தியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மெல்லியதொரு தட்டு, மெத்தை விரித்தாற்போல. கதவின் கீல் போலத் திரும்பவும் செய்கிறது. மேசை இழுப்பறை போல முன்னும் பின்னும் நகரவும் செய்கிறது. இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று. இரண்டும் ஒரே எலும்பின் இரு முனைகள் ஆதலால், ஒன்றைவிட்டு ஒன்று தனித்து இயங்க முடியாது. உண்பதும், உரையாடுவதும், கொட்டாவி விடுவதும், குழந்தையைக் கொஞ்சுவதும், மேடையேறி மணிக்கணக்கில் முழங்குவதும், எல்லாம் இந்த இரு சிறு மூட்டுகளின் தயவு!

இவை பழுதுபட்டால் என்ன ஆகிறது? சிலருக்கு வாய் திறக்கும்போது 'டக்' என்று ஓர் ஒலி, அத்தோடு சரி. வலி இல்லாவிட்டால் அந்த ஒலிக்கு வைத்தியமே தேவையில்லை என்று டாக்டர்கள் சொல்லுகின்றனர். இன்னுஞ் சிலருக்குத் தாடையிலே வலி, காதிலே குத்தல், பொட்டிலே இடி. சில வாரமோ சில மாதமோ இருந்துவிட்டுத் தானாகத் தணிந்துவிடும். ஆனால் தணியாத சிலர் இருக்கிறார்களே, அவர்கள் பாடுதான் கொடுமை. நடுவிலுள்ள தட்டு இடம் பெயர்ந்துவிட்டால், வாய் ஒரு விரற்கடை திறக்கும், அதற்குமேல் மறுத்துவிடும். ரொட்டியை ஊறவைத்து விழுங்கவேண்டும். பேசினால் வலி; சிரித்தால் வலி; வலி பொறுக்காமல் அழுதால் அதிலும் வலி! ஆண்டுக்கணக்கில் இப்படி.

செல்வச் சீமான்களின் நாடு என்று பெயர் பெற்ற அமெரிக்காவிலே, இந்த மூட்டின் பக்கத்தில் வலி கண்ட பெரியவர்கள் 1 கோடியே 10 லட்சத்திலிருந்து 1 கோடியே 20 லட்சம் பேர் வரை இருப்பார்கள் என்று, அந்நாட்டு சர்க்காரின் பல்-முக ஆராய்ச்சி நிலையமே கணக்குச் சொல்லுகிறது. ஆண்களைப்போல் பெண்களுக்கு இரு மடங்கு. அதிலும் 35 வயதிலிருந்து 44 வயதுவரை உள்ள பெண்களுக்கு மிகுதி என்கிறது. வேலையும் வீடும் குழந்தையும் ஒருசேரத் தோளில் அழுத்துகிற வயது!

அங்கே நோய் வந்தால் பணம் கொடுப்பது பெரும்பாலும் இன்ஷூரன்சுதான். உடம்புக்கு ஒரு இன்ஷூரன்சு, பல்லுக்கு வேறொரு இன்ஷூரன்சு. இரண்டும் தனித்தனிப் பத்திரம், தனித்தனிச் சந்தா. தாடை வலியால் துடிக்கும் ஒரு மாது, உடம்பு இன்ஷூரன்சுக் கம்பெனிக்கு எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வருகிற பதில் என்ன?

"அம்மணி! தங்கள் வலி வாயைச் சேர்ந்தது. வாய் பல் டாக்டரின் இலாகா. பல் இன்ஷூரன்சைக் கேளுங்கள்!"

அங்கே போகிறாள். "அம்மணி! நாங்கள் பல்லுக்குப் பொறுப்பு. தங்களுக்கு நோவு மூட்டிலே. மூட்டு, உடம்பைச் சேர்ந்தது. உடம்பு இன்ஷூரன்சைக் கேளுங்கள்!" தப்பித்தவறி அவர்கள் கொடுக்க முன்வந்தாலும், பல் இன்ஷூரன்சிலே ஆண்டுக்கு ஆயிரம், இரண்டாயிரம் டாலர் என்று வரம்பு போட்டிருப்பது வழக்கம். சொத்தைப் பல்லுக்கு அது போதும். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் மூட்டு நோய்க்கு எந்த மூலைக்கு?

வாய் திறந்து முறையிடலாம் என்றால், திறக்க முடியாத வாயாயிற்றே!

அவளுடைய முழங்கால் மூட்டு கெட்டிருந்தால் இன்ஷூரன்சு வருகிறது. தோள் மூட்டு, இடுப்பு மூட்டு, சுண்டுவிரல் மூட்டு கெட்டிருந்தாலும் வருகிறது. தாடை மூட்டு என்றதும் மட்டும் கதவு சாத்தப்படுகிறது. ஏன்? எலும்பும் எலும்பும் கூடுகிற இடம் இது இல்லையா? மற்ற மூட்டுகளை அரிக்கும் வாதம் இதையும் அரிக்கவில்லையா?

உடம்பு போடாத இந்தக் கோட்டைப் போட்டது சரித்திரம். 1840ல் பால்டிமோர் நகரிலே உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி தோன்றியது. மருத்துவக் கல்லூரிக்குள் ஒரு பிரிவாக வளரவேண்டிய பல் வைத்தியம், அன்று முதல் தனிக்குடித்தனம் போயிற்று. தனிக் கல்லூரி, தனிப் பட்டம், தனிச் சட்டம், பிற்பாடு தனி இன்ஷூரன்சு. கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் நேராதது வாய்க்கு நேர்ந்தது!

1934ல் செயிண்ட் லூயி நகரத்து ஜேம்ஸ் காஸ்டன் என்பவர், காதுவலி, தலைவலி என்று வருகிறவர்கள் சிலருக்கு உண்மைக் கோளாறு தாடை மூட்டிலே என்று கட்டுரை எழுதினார். அவர் காது-மூக்கு-தொண்டை டாக்டர். ஆனால் பல் விழுந்து கடிவாய் கெட்டதால்தான் மூட்டு கெடுகிறது என்று காரணம் கற்பித்தார். அந்தக் காரணம் பிற்கால ஆராய்ச்சியில் நிற்கவில்லை. நின்றுவிட்டது, பல் டாக்டர் முற்றத்தில் வந்து விழுந்த பந்து!

அதன் மேல் 1965ல் ஒரு பூட்டு. முதியோருக்கு சர்க்காரே மருத்துவச் செலவு கொடுக்கும் மெடிகேர் திட்டத்தில், அவ்வாண்டு ஜூலை 30ஆம் நாள், முன்னாள் ஜனாதிபதி ட்ரூமனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். பாராட்டத்தக்க திட்டம், மறுக்கவில்லை. ஆனால் அதிலே ஒரு விலக்கு விதி. பற்களையும், பற்களை நேராகத் தாங்கி நிற்கும் பாகங்களையும் பற்றிய சிகிச்சைக்குப் பணமில்லை என்பது அதன் பொருள்.

சட்டம் படித்தவர்களைக் கேட்கிறேன். தாடை மூட்டு எந்தப் பல்லை நேராகத் தாங்கி நிற்கிறது? பல்லைத் தாங்குவது ஈறும், பல் பதிந்த எலும்புமே. மூட்டு இருப்பதோ காதோரம். எழுத்துக்கு எழுத்து படித்தாலும் இந்த விலக்கு மூட்டின் மேல் விழக்கூடாது. ஆயினும் மெடிகேர் நிர்வாகத்தின் கையேடு என்ன சொல்லுகிறது? தாடை மூட்டு நோய்க்கான சாதனங்கள் சில அந்தப் பல் விலக்கில் வந்துவிடுமாம். சிகிச்சைகள் பல, பயன் நிரூபிக்கப்படாதவை என்ற இன்னொரு விலக்கில் வந்துவிடுமாம். ஆகவே தாடை மூட்டு நோய் என்று பெயரெழுதி அனுப்பினால் மட்டும் போதாதாம்! வலக் கதவு பூட்டியிருந்தால் இடக் கதவு. இடக் கதவும் பூட்டியிருக்கிறது.

பூட்டை யாருமே உடைத்ததில்லையா? உடைத்தார்கள்! வடக்கே, கனடா எல்லையோரம் உள்ள மின்னசோட்டா மாநிலம் 1987லேயே உடைத்தது. அந்த மாநிலச் சட்டம் சொல்வது இரத்தினச் சுருக்கம். தாடை மூட்டு நோய்க்கு, அறுவைச் சிகிச்சையாயினும் மற்றச் சிகிச்சையாயினும், உடம்பின் வேறெந்த மூட்டுக்கும் கொடுப்பதைப்போலவே இன்ஷூரன்சு கொடுக்கவேண்டும். வைத்தியம் பார்ப்பவர் மருத்துவரானாலும் சரி, பல் டாக்டரானாலும் சரி. அவ்வளவே! சலுகை கேட்கவில்லை, தனி நிதி கேட்கவில்லை. முழங்காலுக்கு என்ன உண்டோ அது தாடைக்கும் உண்டு. டெக்சாசு மாநிலமும், எலும்பு மூட்டுகளுக்குக் கொடுக்கிற இன்ஷூரன்சு தாடை மூட்டுக்கும் ஒத்த அளவில் கொடுக்கவேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறது. அதனால் எந்தக் கம்பெனியும் அந்த மாநிலங்களை விட்டு மூட்டை கட்டிக்கொண்டு ஓடிவிடவில்லை.

மாநிலந்தோறும் இப்படிச் சட்டம் செய்தால் தீர்ந்ததா? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. 1974ல், தொழிலாளரின் ஓய்வூதியத்தைக் காப்பதற்கென்று அமெரிக்க மத்திய சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி, ஒரு முதலாளி தன் கஜானாவிலிருந்தே தொழிலாளரின் மருத்துவச் செலவைக் கொடுப்பதாக ஏற்பாடு செய்துகொண்டால், மாநில இன்ஷூரன்சுச் சட்டம் அவனைக் கட்டாது! பெரிய கம்பெனிகள் எல்லாம் அந்த வழிக்குப் போயின. இன்று வேலை மூலம் மருத்துவ இன்ஷூரன்சு பெறும் அமெரிக்கத் தொழிலாளரில் பாதிக்கு மேற்பட்டோர் அத்தகைய ஏற்பாட்டின் கீழ் இருப்பவர்களே. ஆகவே, மின்னசோட்டாவிலே, ஒரே தெருவிலே, ஒரே நோயோடு இரண்டு பெண்கள். சிறு கடையில் வேலை செய்து, அது வாங்கிய இன்ஷூரன்சில் இருப்பவளை மாநிலச் சட்டம் காக்கிறது. பெரும் தொழிற்சாலையிலே வேலை செய்பவளை அது எட்டிப் பார்க்கவும் முடியாது! தாராளமான முதலாளியாக வாய்த்தால் அவள் பாக்கியம்.

2010ல் வந்த மருத்துவச் சீர்திருத்தச் சட்டமும் இதைத் தீர்க்கவில்லை. பிள்ளைகளின் பல்லை அவசியச் சிகிச்சைப் பட்டியலில் சேர்த்தது. பெரியவர்களின் பல்லை விட்டுவிட்டது. தாடை மூட்டை அந்தந்த மாநிலத்து மாதிரித் திட்டத்தின் போக்குக்கு விட்டுவிட்டது.

இனி, எதிர்த்தரப்பார் வாதத்தையும் கேட்போம். "இந்த நோய்க்குச் செய்யும் வைத்தியம் பலவற்றுக்கு ஆதாரம் போதாது. ஆதாரமில்லாததற்கு எப்படிப் பணம் கொடுப்பது?" என்கின்றனர் இன்ஷூரன்சுக் கனவான்கள். இதிலே உண்மை அடியோடு இல்லை என்று சொல்லமாட்டேன். இந்த மூட்டின் பெயரால் ஒரு காலத்தில் நடந்த விபரீதம் பெரிது. ஹூஸ்டன் நகரத்து விட்டெக் என்ற கம்பெனி, தேய்ந்த தட்டுக்குப் பதிலாக, டெஃப்லான் பூசிய செயற்கைத் தட்டு ஒன்றைச் செய்தது. 1983ல் அதை விற்க சர்க்கார் அனுமதி கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் தாடையிலே அது வைக்கப்பட்டது. வாய் அசைய அசைய அது துகள் துகளாகச் சிதைந்தது. துகளை எதிர்த்து உடம்பு பொங்கியது. சிலருக்கு எலும்பே அரித்துப்போய் மண்டையோட்டில் துளை விழுந்தது. 1990ல் சர்க்கார் எச்சரிக்கை விடுத்தபோது கம்பெனி திவாலாகிவிட்டிருந்தது. 1992ல் அமெரிக்கக் காங்கிரசின் குழு ஒன்று (நம்மூர்க் காங்கிரசு அல்ல, அந்நாட்டுப் பாராளுமன்றத்துக்கு அதுதான் பெயர்) விசாரணை நடத்தியது. போன மூட்டு வரவில்லை.

இதைக் காட்டி, "பார்த்தீர்களா, அதனால்தான் பணம் கொடுப்பதில்லை" என்பது தலைகீழ் நியாயம். இடுப்பு மூட்டுக்கு வைத்த செயற்கை உறுப்புகளிலும் கெட்டவை வந்ததுண்டு. அவற்றைத் திரும்பப் பெற்றதுண்டு. அதற்காக இடுப்பு மூட்டு நோய்க்கே இன்ஷூரன்சு இல்லை என்று எவரேனும் சொன்னதுண்டா? கெட்ட தட்டை விலக்குவார்கள், நோயாளியை விலக்குவதில்லை. தாடை மூட்டில் மட்டும் நோயாளியையே விலக்கிவிட்டார்கள்.

பணம் மறுக்கிறபோது நடப்பது என்ன தெரியுமா? வலி காத்திருக்காது. இன்ஷூரன்சு இருந்தால், கணக்குக் கேட்க ஒருவர், ஆதாரம் கேட்க ஒருவர் இருப்பார். இன்ஷூரன்சு இல்லாதவள், வீட்டை அடகு வைத்தாவது, "நான் குணப்படுத்துகிறேன்" என்று யார் சொல்லுகிறாரோ அவரிடம் போவாள். ஒருவர் பல்லையெல்லாம் தேய்த்துச் சமன்படுத்துவார். அடுத்தவர் அத்தனைக்கும் உறை போடுவார். மூன்றாமவர் கத்தியை எடுப்பார். இந்த நோய்க்கு முதலில் செய்யவேண்டியவை என்று இன்று அறிந்தோர் கூறுபவை எவை? மெதுவான உணவு, ஒத்தடம், தாடைக்கான தசைப் பயிற்சி, கொஞ்ச நாளைக்கு வலி மருந்து, சிலருக்கு இரவிலே பல்லில் மாட்டிக்கொள்ளும் கவசம். திருப்பி எடுக்க முடியாத எதையும் முதலில் செய்யாதே என்பதே அவர்கள் எச்சரிக்கை. செலவு குறைந்த வழியும் இதுதான்! கொடுக்கவேண்டிய சிறு தொகையைக் கொடுக்க மனமில்லாமல், பெருந்தொகையைத் தேடி நோயாளியைத் துரத்துவது என்ன சிக்கனமோ, விளங்கவில்லை.

'ஆதாரம் இல்லை' என்கிறார்களே, ஆதாரம் வானத்திலிருந்து விழுமா? மருத்துவக் கல்லூரி இந்த மூட்டைப் பல் கல்லூரியின் பாடம் என்று ஒதுக்கியது. பல் கல்லூரியோ மற்ற மூட்டுகளின் பாடத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே கிடந்த நோய்க்கு ஆராய்ச்சி எங்கிருந்து வரும்? 2020ல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகங்கள் இந்த நோயைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டன. மருத்துவத்துக்கும் பல் வைத்தியத்துக்கும் இடையே விழுந்த பிளவிலே நோயாளிகள் அகப்பட்டுத் தவிக்கிறார்கள், ஆராய்ச்சியும் பயிற்சியும் வேண்டும், இன்ஷூரன்சும் சீர்பட வேண்டும் என்று எழுதின. அது வந்து ஆண்டுகள் பல உருண்டுவிட்டன.

மெடிகேர் சுவர் அசைக்க முடியாத கருங்கல் என்று நினைக்கவேண்டாம். 2023 முதல், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கும் இதய வால்வுச் சிகிச்சைக்கும் முன்னால் செய்யவேண்டிய பல் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் பணம் கொடுக்கலாம் என்று நிர்வாகமே விதியைத் தெளிவுபடுத்தியது. சட்டத்தின் ஓரெழுத்தை மாற்றாமல் அது முடிந்தது! அங்ஙனமே, தாடை மூட்டு பல்லைத் தாங்கும் பாகம் அல்ல, அது ஒரு மூட்டு என்று கையேட்டில் எழுதிவிட்டால், முதியோர் வழக்கில் பாதி முடிந்தது.

மீதிக்குக் காங்கிரசின் சட்டம் வேண்டும். மின்னசோட்டா 1987ல் எழுதிய அந்த ஒரு விதியை, முதலாளிகள் தாமே நடத்தும் திட்டங்களையும் கட்டுப்படுத்தும் மத்திய சட்டமாக்கட்டும். முதற்படிச் சிகிச்சைக்குத் தடையில்லாமல் பணம். கத்தி எடுக்கும் சிகிச்சைக்கு மற்ற மூட்டுகளுக்குக் கேட்கும் அதே ஆதாரம், அதற்கு மேல் ஒன்றும் கூடாது. கையெழுத்திட்டவர் மருத்துவரா, பல் டாக்டரா என்ற கேள்வி கூடாது. அமெரிக்கப் பாராளுமன்றத்தில் இத்தனை வக்கீல்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை எழுத ஒரு பிற்பகல் போதும்.