நின்றுபோன எடையும் 168 ரிங்கிட் கோப்பியும்

ஏழு வாரம். திங்கட்கிழமை காலையில் பல் துலக்கியதும் கைலியோடு தராசில் ஏறுவேன். 81.4 கிலோ. அடுத்த திங்கள் 81.6. அதற்கடுத்த வாரம் மறுபடியும் 81.4.

நான் பாலக்கோங்கில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கெழுதும் கிராணி. பத்து சென் உதைத்தாலும் கண்டுபிடிக்காமல் ஸ்ரீ கெம்பாங்கானுக்கு வீடு திரும்ப மாட்டேன். நாளைக்கு 1,700 கலோரி என்று நோட்டில் எழுதி எழுதிச் சாப்பிட்டு, 92 கிலோவிலிருந்து பதினொரு கிலோ இறக்கியிருந்தேன். அதற்குப் பிறகு எடை அசையவில்லை.

இந்தச் செய்தி எப்படித்தான் பரவுமோ, எங்கள் தாமானில் பகுதி நேரமாக வியாபாரம் செய்யும் தம்பி ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "அண்ணே, உங்க மெட்டபாலிசம் தூங்கிப் போச்சு. இந்தக் கோப்பிதான் எழுப்பும்." பதினைந்து பொட்டலம், 168 ரிங்கிட். பெட்டிமேல் பச்சை இலைப் படம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாங்கிவிட்டேன். எடை மளமளவென்று இறங்கும்போது இவர்கள் யாரும் வருவதில்லை. நின்றுபோன வாரம்தான் அவர்களுடைய வாரம்.

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மருந்தாகப் பதிவான பொருளில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். இதில் இல்லை. கோப்பி உணவுப் பொருள் அல்லவா, அதற்கு எதற்கு மருந்துப் பதிவு? அந்த ஓட்டைதான் வியாபாரம். 'மெலிய வைக்கும்' கோப்பிகளிலும் பானங்களிலும் சிபுட்ரமின் கலந்திருப்பதாக நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. பசியை அடக்கும் அந்த மருந்தால் இதய நோயுள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடியதால் அமெரிக்காவும் ஐரோப்பாவும் 2010-இல் அதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டன. பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். கணக்கைத் தணிக்கை செய்தேன்.

சனிக்கிழமை மத்தியானம். வீட்டுக்காரி கோழிப் பிரட்டல் செய்துகொண்டிருந்தாள். ஆரம்ப மாதங்களில் எண்ணெயை அளந்து ஊற்றச் சொல்லியிருந்தேன். நாலாம் மாதம் அது கண்ணளவாகிவிட்டது. அன்று புட்டியைக் கையில் வாங்கி, அவள் ஊற்றும் அளவைக் கரண்டியில் ஊற்றிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு... ஆறு மேசைக்கரண்டி. "என்னங்க, எண்ணெய் பிரிஞ்சாத்தானே பிரட்டல்?" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. ஆறுக்கு 720. நாலு பேர் பங்கு போட்டால் என் தட்டுக்கு 180. நோட்டில் நான் எழுதியிருந்தது 'கோழி, ஒரு கிண்ணம்' என்று மட்டும்.

அடுத்து, பையன் பசியாறும்போது மிச்சம் வைக்கும் அரை ரொட்டி சானாய். தட்டு என்னுடையதல்ல என்பதால் என் கணக்கில் ஏறவே இல்லை! முழு ரொட்டி ஏறக்குறைய 300 கலோரி; பாதிக்கு 150.

1992-இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது. 1,200 கலோரிக்குக் கீழேதான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை அளந்து பார்த்தார்கள். உண்மையில் சாப்பிட்டதில் சராசரியாக 47 விழுக்காட்டைச் சொல்லாமல் விட்டிருந்தார்கள். அவர்களை யாரும் பொய்யர்கள் என்று சொல்ல வேண்டாம். கிராணியே கோட்டை விட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இருந்தது, அது என் குற்றமில்லை. உடம்பு சிறுத்தால் அதன் செலவும் சிறுக்கும். ஊட்டச்சத்து நிபுணர்கள் பயன்படுத்தும் சூத்திரப்படி, ஒரு கிலோ குறைந்தால் சும்மா இருக்கும் உடம்பின் தேவை நாளைக்குப் பத்துக் கலோரி குறையும். பதினொரு கிலோவுக்கு 110. நடக்கவும் படியேறவும் சுமக்கும் பாரமும் குறைந்துவிட்டதால் இன்னும் கொஞ்சம் கழியும். 92 கிலோ ஆளுக்குப் போட்ட பட்ஜெட்டை 81 கிலோ ஆள் வைத்துக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் நாளைக்கு 500 கலோரி துண்டு விழுந்தது. எண்ணெயும் ரொட்டியும் சிறுத்த உடம்பும் சேர்ந்து அதை முழுசாகத் தின்றுவிட்டன. மெட்டபாலிசம் எங்கே தூங்கியது?

எடை பார்த்த நாளும் தப்பு. ஞாயிறு மத்தியானம் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு, அப்பளம், ஊறுகாய், இரண்டாம் முறை ரசம். அந்த உப்புக்கு உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுநாள் காலை தராசு காட்டியதில் ஒரு பங்கு அந்தத் தண்ணீர். இப்போது தினமும் எடை பார்த்து ஏழு நாள் சராசரி எடுக்கிறேன்.

பலரும் இந்தக் கட்டத்தில் பயந்துபோய் 1,200-க்கு இறங்குகிறார்கள். அது வேண்டாத வேலை. ஒரு வாரம் தாங்கும்; பிறகு ஒரு திருமண விருந்தில் எல்லாம் கொட்டிப் போகும். நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் குறைக்கவே கூடாது. நான் எண்ணெயை மூன்று கரண்டியாக்கினேன். தட்டை அரசாங்கக் கிளினிக்குகளில் படம் மாட்டியிருக்கும் 'சுக்கு சுக்கு செபாரோ' கணக்கில் போட்டுக்கொண்டேன்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். சாயங்காலம் தாமானைச் சுற்றி அரை மணி நேர நடை. ஆறு வாரத்தில் 79.9. வேகமில்லைதான். ஆனால் எடை நின்ற அந்த ஏழு வாரமும் பதினொரு கிலோ திரும்பி வரவில்லையே, அதை ஏன் தோல்வி என்கிறோம்?

சுகாதார அமைச்சின் 2023 ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு எடை அதிகம் அல்லது உடல் பருமன். கோப்பி வியாபாரிக்கு இதைவிடப் பெரிய சந்தை கிடையாது. உங்கள் வீட்டுக்கும் வருவார். பதிவு எண் கேளுங்கள். பதிலுக்குச் சிரித்தால் கதவைச் சாத்துங்கள். நான் எண்ணெய் அளக்க வாங்கிய கரண்டியின் விலை இரண்டு ரிங்கிட் நாற்பது சென்.