கழியை எடுப்பதற்கு முன்

சென்ற ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு, எங்கள் கொல்லைப்புறத் தாழ்வாரத்து விளக்கடியில் பூச்சிக்காகக் காத்திருந்த பல்லியொன்றை நோக்கி, பழுப்பு மேனியில் வெண்பட்டைகள் கொண்ட, ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான பாம்பொன்று காரை பெயர்ந்த சுவரைப் பற்றி நிதானமாக ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டு, 'கட்டுவிரியன்!' என்று என் தமக்கை போட்ட கூச்சலில், எதிர்வீட்டுப் பெரியவர் மூங்கில் கழியோடு வந்து நின்றுவிட்டார். "மாமா, ஒரு நிமிஷம் பொறுங்கள்" என்று அவரைத் தடுத்து, டார்ச் விளக்கை அதன்மேல் பிடித்தேன். கழுத்திலிருந்தே தொடங்கி, முன்பாதியில் அகலமாகவும் தெளிவாகவும் இருந்த பட்டைகள் வாலை நெருங்க நெருங்க மங்கி மறைந்தன. விரியனுக்கோ வெண்கோடுகள் மெல்லியவை, பெரும்பாலும் இரண்டிரண்டாக அமைந்தவை, வால்பக்கத்தில்தான் துலக்கமானவை. முதுகின் நடுவே அறுகோணச் செதில்கள் பெரிதாக ஒரு வரிசை ஓடும். சுவரேறுவதும் அதற்கு அபூர்வம். எங்கள் விருந்தாளி விஷமற்ற ஓலைப்பாம்பு.

"ஓலைப்பாம்பாகவே இருக்கட்டும், தம்பி. நாளைக்கு விரியனாகி வந்தால்?" என்றார் பெரியவர்.

அவர் பயத்தை நான் பரிகசிக்கவில்லை. 2000 முதல் 2019 வரை நம் தேசத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டதாக ஆராய்ச்சியாளர் கணித்திருக்கிறார்கள். ஆயினும் அந்த மரணங்களில் பெரும்பகுதிக்குக் காரணமான நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் அறிந்துகொள்ள ஒரு நாள் மாலைப்பொழுதைக்கூடச் செலவிடாத நாம், நெளிவது எதுவாயினும் அடித்துவிட்டு, அடித்ததற்கெல்லாம் விரியன் என்று நாமகரணம் செய்துவிடுகிறோம். இதனால் விளையும் தீங்கு பாம்போடு நிற்பதில்லை என்பதே என் அபிப்பிராயம். பெரியவரின் தம்பியை ஒருகாலத்தில் 'விரியன்' கடித்ததாம். வேப்பிலை அடித்து மந்திரித்ததில் மறுநாளே எழுந்து வயலுக்குப் போனாராம். ஓலைப்பாம்பும் தண்ணீர்ப்பாம்பும் கடித்துப் பிழைத்தவர்களின் புண்ணியத்தில்தான் மந்திரவாதிகளுடைய கீர்த்தி ஊர் ஊராக வளர்கிறது. அந்தக் கீர்த்தியை நம்பி, நிஜமான விரியன் கடித்தவனையும் அதே திண்ணைக்குத் தூக்கிப் போகிறார்கள். கட்டுவிரியன் கடித்த இடமோ பெரும்பாலும் வலிக்காது, வீங்காது, பல் பதிந்த தடம்கூடச் சரியாகத் தெரியாது. சில மணி நேரத்தில் இமை கனத்து, நாக்குக் குழறி, மூச்சுத் திணறத் தொடங்கும்போது ஆஸ்பத்திரி வெகுதூரத்தில் இருக்கும்.

சாரையின் கதை இதைவிடப் பரிதாபம். ஆறடிக்கு மேலும் வளர்ந்து, விறகுக் குவியலிலும் நெற்களத்திலும் எலி பிடித்து ஜீவிக்கும் அந்தச் சாதுவை நல்லபாம்பின் ஆண் என்று சொல்லி அடித்துவிட்டு, மறுமாதம் எலிமருந்து வாங்கக் கடைக்குப் போகிறவர்களை நான் அறிவேன். 'நாகமும் சாரையும் பிணைகின்றன' என்று பக்தியோடு வேஷ்டி வீசப்படும் காட்சியிலும் பெரும்பாலும் இருப்பவை, ஒன்றன் தலையை மற்றொன்று தரையில் அழுத்த முயன்று மல்லுக்கு நிற்கும் இரண்டு ஆண் சாரைகளே. கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டு மரத்தின் உச்சியிலிருந்து சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்பதும் அதே ரகம். அதற்கு விஷமே கிடையாது. பூந்தொட்டி மண்ணிலிருந்து மழைக்குக் குளியலறைப் பக்கம் வந்துவிடும் செவிப்பாம்பு காதில் நுழைவதற்காகப் பிறந்ததன்று; எறும்பு முட்டையும் கறையானும் தின்னும் அந்தக் குருட்டு ஜந்துவின் இனத்தில் ஆணே கிடையாது, எல்லாம் பெண். (பச்சைப்பாம்பை உருவிவிட்டால் சமையலில் கைமணம் கூடும் என்று அதை மட்டும் உயிரோடு விட்ட பாட்டிமார்களுக்கு என் வந்தனம்.)

மேலே சொன்ன லட்சணங்கள் தள்ளி நின்று பார்ப்பதற்கே உரியவை, கையில் எடுத்துப் பரீட்சிப்பதற்கல்ல. குட்டி விரியன் தேர்ந்தவர்களையும் ஏமாற்றும். ஆகவே சந்தேகம் வந்தால் விலகி நின்று, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லியனுப்ப வேண்டும். கடித்தது எதுவென்று தெரியாவிட்டால், தெரியாது என்றே ஒப்புக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சாரையைக் கொல்வதைக் குற்றமென்கிறது. எங்கள் தெருவில் அச்சட்டத்தைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேரோ!

நாங்கள் தர்க்கித்துக்கொண்டிருக்கையில் பல்லியைக் கவ்விக்கொண்ட ஓலைப்பாம்பு ஓட்டிடுக்கில் மறைந்துவிட்டது. கழியைச் சுவரோரம் சாத்திவைத்த பெரியவர், "அப்படியானால் என் தம்பியைக் கடித்தது..." என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமலே படியிறங்கிப் போனார். அன்றிரவு என் தமக்கை தரையில் விரித்திருந்த பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் கட்டிலில் படுத்து, கொசுவலையின் ஓரங்களை மெத்தைக்கடியில் நன்றாகச் செருகிக்கொண்டாள். தரையில் உறங்குவோரைத்தான் விரியன் அதிகம் தீண்டுகிறது என்பதால், அதற்கு மட்டும் நான் மறுப்பொன்றும் சொல்லவில்லை.