நீந்தத் தெரியாத நெய்தல்

பொழுது சாயும் வேளையில் கல்லடிப் பாலத்தின்மீது நின்று பார்ப்பவர் எவரும் மட்டக்களப்பு வாவியின் எழிலை மறுக்கமாட்டார். நிலாக் காலத்து இரவில், நீருக்குள்ளிருந்து எழும் இசையைக் கேட்பதற்கென்றே தோணியேறிச் செல்வோரும் உளர். பாடும்மீன் நாடு என்று நம்மை நாமே அழைத்துப் பெருமை கொள்கிறோம். மீன் பாடுகிறது, நன்று. அந்த நீரிலே தவறி விழுந்தால் நம் பிள்ளை நீந்துமா? இவ்வினாவை ஓர் இலக்கியப் பக்கத்தில் எழுப்புவது பொருந்துமோ என வாசகர் சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே என் கருத்து. காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

அண்மையில் ஐரோப்பிய நீர்ப்பந்துச் சங்கங்களின் போட்டி வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. 'வாட்டர் போலோ' என வழங்கும் இவ்வாட்டத்தில் அணிக்கு எழுவர் நீரில் இறங்குவர். அடித்தரையில் கால் ஊன்றலாகாது. இலக்குக் காப்பாளர் தவிர மற்றையோர் ஒரு கையாலேயே பந்தைக் கையாளுதல் வேண்டும். எட்டு நிமிடம் கொண்ட நான்கு பகுதிகளாக ஆட்டம் நிகழும். ஐரோப்பியச் சங்கங்களுக்கான கிண்ணப் போட்டி 1963–64 பருவத்தில் தொடங்கியது. முதற் கிண்ணத்தைப் பெல்கிரேட் நகரின் பார்ட்டிசான் சங்கம் வென்றது. ஆனால், 2023 ஆம் ஆண்டுவரை 11 முறை அக்கிண்ணத்தைக் கைப்பற்றி முதலிடம் பெற்ற சங்கம் எந்தப் பெருநகரத்தது என்று எண்ணுகிறீர்கள்? பெருநகரம் எதுவுமன்று. இத்தாலியின் ஜெனோவாவுக்கு அருகே, ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் வாழும் ரெக்கோ என்னும் கடற்கரைச் சிற்றூரின் 'புரோ ரெக்கோ' சங்கமே அது!

இரண்டாம் உலகப்போரில், 1943–44 ஆம் ஆண்டுகளில், அங்குள்ள புகையிரதப் பாலத்தைத் தகர்க்க நேசநாட்டு விமானங்கள் குண்டு பொழிந்தன. ஊரின் மிகப் பெரும்பகுதி இடிபாடாயிற்று. அவ்விடிபாட்டிலிருந்து எழுந்த ஊர் 1959 இல் இத்தாலிய வாகையையும், 1965 இல் ஐரோப்பியக் கிண்ணத்தையும் தன் முற்றத்துக்குக் கொணர்ந்தது. போரும் ஆழிப்பேரலையும் கண்ட நமக்கு இக்கதை அயலார் கதையன்று.

கடலோர ஊரார் நீரில் வல்லவராதல் இயல்புதானே என்பீர்கள். அங்ஙனமாயின் ஹங்கேரியை நோக்குங்கள். அந்நாட்டுக்குக் கடலே இல்லை. எனினும் ஒலிம்பிக் நீர்ப்பந்தில் ஒன்பது பொற்பதக்கங்களை வென்ற நாடு அதுவே. அங்கே பிள்ளைகள் குளிப்பகங்களில் நீந்தப் பழகுகிறார்கள். கடல் இல்லாதவர் நீரை ஆள்கிறார்கள். ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் கொண்ட நாம், "தண்ணீர்ப் பக்கம் போகாதே" என்று பிள்ளைகளை வளர்க்கிறோம். ஆகவே, வேறுபாடு இயற்கையில் இல்லை, பழக்கத்தில் உள்ளது.

குற்றம் சாட்டுகிற நான் குற்றமற்றவனல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழில் செய்தவன். மதிய இடைவேளையில் வாவியிற் குதித்துவிட்டு ஈரத்தலையோடு வகுப்புக்கு வந்த பையன்களைப் பிரம்பால் அடித்தவன். அவ்வாறு பலமுறை அடிவாங்கிய ஒருவனை 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நாவலடி மணற்றிட்டைக் கடந்து வாவிக்குள் எறிந்தது. அவன் நீந்திக் கரையேறினான். உடன் எறியப்பட்ட அவன் தங்கை கரையேறவில்லை. சில மாதங்களின் பின் துக்கம் விசாரிக்கச் சென்ற என்னிடம் அவன் கூறியது ஒரு வாக்கியமே: "அவள் ஒருநாளும் தண்ணியில இறங்கல்ல, சேர், சொல்வழி கேட்ட பிள்ளை." அதன்பின் நான் பிரம்பைத் தொட்டதில்லை.

நம்மவருக்கு நீச்சல் வராது என்றும் சொல்வதற்கில்லை. 1954 இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971 இல் ஆழிக்குமரன் ஆனந்தன் அங்கே சென்று மீண்டும் திரும்பினார். இருவரும் வடபுலத்தார், இருவரையும் தமிழுலகம் கொண்டாடியது. ஒரு வீரனைத் தோளிற் சுமப்பதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. ஊர்ப்பிள்ளை அனைத்துக்கும் அக்கலையைப் பகிர்ந்தளிக்க நாம் எண்ணுவதில்லை. நீர்ப்பந்தின் சிறப்பு இதுவே: அது தனியொருவனின் சாகசத்தால் நிலைப்பதில்லை. ஓர் அணிக்கு எழுவர் வேண்டும். எழுவரைத் தேர எழுபதின்மர் நீந்த வேண்டும்.

இஃது அந்நிய ஆட்டம் என்று ஒதுக்குவோருக்கும் விடை உண்டு. கூடைப்பந்தை அமெரிக்க இயேசுசபைத் துறவிகள் புனித மிக்கேல் கல்லூரியில் வளர்த்தனர். இன்று அதை மட்டக்களப்பின் ஆட்டம் என்றே சொல்கிறோம். ஊர் இரண்டு அணியாகிப் பொருதும் உணர்வும் நமக்குப் புதிதன்று. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து நின்றவர் நம் முன்னோர். அவ்வுணர்வு எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே ஒரு நீர்ப்பந்துப் போட்டியாக மலர்ந்தால் என்ன குறை?

இனி, முன்னர்க் கூறுவேனென்ற காரணம். பெருங்காப்பியத்துக்குரிய வருணனைகளுள் புனல்விளையாட்டையும் ஒன்றாகத் தண்டியலங்காரம் வைத்தது. பரிபாடலின் வையைப் பாடல்களில் ஊரே ஆற்றில் இறங்குகிறது. புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் முதியவர், கோல் ஊன்றி இருமி நிற்கும் தள்ளாமையிலே, மருதமரக் கிளையிலிருந்து மடுவிற் குதித்து அடிமணலை அள்ளி வந்த இளமையை எண்ணி இரங்குகிறார். அப்பாட்டை வகுப்பில் ஆண்டுதோறும் உருக்கமாக விளக்கினேன். அதைச் செய்து பார்த்த மாணவனை அடித்தேன். பாட்டுக்கும் வாழ்வுக்கும் இடையே நாம் எழுப்பிய இச்சுவர் இலக்கியப் பக்கத்துக்கு உரிய பொருளன்றோ?

வாவியில் முதலை உண்டு; நீரும் எங்கும் தூயதன்று; பெண்பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்பத் தயங்குவர். இவை மெய்யான தடைகளே. ஆகவேதான் பையன்கள் களவாகக் குதிப்பதை விட்டு, காவலும் பயிற்சியும் உள்ள நீச்சல் தடாகங்களில் முறையாகக் கற்பிக்க வேண்டும் என்கிறேன். ஐந்தாம் வகுப்பை முடிக்குமுன் ஒவ்வொரு பிள்ளையும் நீந்தக் கற்றிருத்தல் வேண்டும். பெண்பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர் வேண்டும். முதலில் நீச்சல், பின்னர்ப் பந்து. 2021 நவம்பரில் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் மிதவை கவிழ்ந்து பள்ளிச் சிறுவரும் மாண்டனர். பாதுகாப்பான பாலமும் படகும் அமைப்பது அரசின் கடன். அவை வரும்வரை நம் பிள்ளைகள் நீரைக் கடந்தே தீரவேண்டும்.

ரெக்கோவின் கிண்ணங்கள் நமக்கு வேண்டா. சொல்வழி கேட்ட பிள்ளையும் கரையேற வேண்டும்; அதற்கு நாம் சொல்லும் சொல் மாறவேண்டும். "போகாதே" என்பதை விடுத்து, "வா, கற்றுத் தருகிறேன்" என்று எந்த ஆசிரியர் முதலிற் சொல்லப் போகிறார்?