ஏலம் இருக்கட்டும், லிஸ்ட்ல பேரு எங்கே?

எங்க கிளையண்ட் டீம்ல ஒரு டொரோண்டோக்காரர் இருக்கார். கால் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கனடா ஃபுட்பால் பத்திப் பேசலைன்னா மனுஷனுக்கு வேலை ஓடாது. நம்ம ஃபுட்பால் இல்லீங்க... முட்டை மாதிரி ஒரு பந்தைக் கக்கத்துல இடுக்கிகிட்டு ஓடுவாங்களே, அது. அவர் புண்ணியத்துல சி.எஃப்.எல். டிராஃப்ட்னா என்னன்னு தெரிஞ்சுகிட்டேன்.

மொத்தம் 9 டீம். வருஷா வருஷம் காலேஜ்ல ஆடி முடிச்ச கனடாப் பசங்களை ஒவ்வொருத்தரா எடுத்துக்கறாங்க. போன சீசன்ல மண்ணைக் கவ்வின டீமுக்குத்தான் முதல் சான்ஸ். பக்கத்து வீட்டு அமெரிக்காக்காரங்களை மட்டும் வெச்சு டீமை ஓட்டிட முடியாது, உள்ளூர்க்காரங்க இத்தனை பேர் இருந்தே ஆகணும்னு கணக்கு இருக்கு. டிராஃப்டுக்கு முன்னாடி பசங்களைக் கூப்பிட்டு ஓட விட்டு, தாண்ட விட்டு, வெயிட் தூக்க விட்டு அளந்து பாக்கறாங்க.

கேட்டதும் எனக்கு நம்ம டி.என்.பி.எல். ஞாபகம்தான் வந்துச்சு. 2016-ல ஆரம்பிச்சப்போ அங்கேயும் டிராஃப்ட் முறைதான். 2023-ல அதைத் தூக்கிட்டு ஏலம் கொண்டு வந்தாங்க. அந்த முதல் ஏலத்துலயே சாய் சுதர்சனை லைகா கோவை கிங்ஸ் 21.6 லட்சத்துக்கு எடுத்தாங்க. அப்போ ஐ.பி.எல்.ல குஜராத் டைட்டன்ஸ் அவருக்குக் கொடுத்துகிட்டிருந்தது 20 லட்சம்! மாநில லீக்ல அதைவிடக் கூட. அவர் அதுக்குத் தகுதியான ஆளுதான், 2025 ஐ.பி.எல்.ல 759 ரன் அடிச்சு ஆரஞ்சு கேப் வாங்கினார். அதனால ஏலமே தப்புன்னு நான் சொல்ல வரல. ஆடறவனுக்கு அவன் விலை கிடைக்கட்டும். ஆனா தோத்த டீம் எழுந்து நிக்கணும்னா டிராஃப்ட்தான் சரின்னு எனக்குத் தோணுது.

சரி, அதை விடுங்க. ஏலமா டிராஃப்டான்னு நாம அடிச்சுக்கறது, உள்ளே வந்தவங்களை எப்படிப் பங்கு போடறதுன்னுதான். உள்ளே வர்ற லிஸ்ட்ல யார் பேரு இருக்கு?

ஸ்கூல் படிக்கறப்போ எங்க கூட ஒருத்தன் ஆடினான். கல்வராயன் மலையில வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், கள்ளக்குறிச்சியில ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சான். டென்னிஸ் பால்ல அவன் போடற வேகத்துக்கு எங்க கீப்பர் ஸ்டம்ப்ல இருந்து இருபது அடி தள்ளி நிப்பான். கச்சிராயபாளையம் டோர்னமெண்ட் ஒண்ணுல அவன் போட்ட யார்க்கரை ஆட வந்தவர் காலைத் தேய்ச்சுகிட்டே போனது இன்னும் கண்ணுல நிக்குது (அந்த ஆள் வேற யாருமில்ல, அடியேன்தான் :-) அன்னிக்கு எதிர் டீம்).

2016-ல டி.என்.பி.எல். வந்தப்போ, "மாப்ள, நீ போடா"ன்னு நாங்க நாலு பேர் காசு போட்டு சென்னையில ஏதோ ஒரு செலக்‌ஷனுக்கு நைட் பஸ் ஏத்திவிட்டோம். எந்த கிளப்புன்னு கேட்டிருக்காங்க. கிளப் இல்லைன்னான். ஒரு பந்து கூடப் போடாம அடுத்த பஸ்ல திரும்பி வந்துட்டான்.

அப்போ கள்ளக்குறிச்சி தனி மாவட்டமே இல்ல, விழுப்புரத்தோட இருந்துச்சு. 2019 நவம்பர்லதான் பிரிச்சாங்க. லெதர் பால் ஆடணும், நாலு பேர் கண்ணுல படணும்னா சென்னை லீக்தான் வழி. சென்னையில ரூம் வாடகை, ஷூ, சாப்பாடு... மலையில மரவள்ளி போடற வீட்ல இதுக்கு யார் பணம் கொடுப்பா?

"நடராஜன் வரலையா?"ன்னு கேப்பீங்க. வந்தார். பக்கத்து சேலம் மாவட்டம், சின்னப்பம்பட்டி. அப்பா தறி ஓட்டினவர், அம்மா ரோட்டோரம் கோழிக்கறிக் கடை. இருபது வயசு வரைக்கும் டென்னிஸ் பால்தான். 2016-ல திண்டுக்கல் டிராகன்ஸுக்கு ஆடினார். அடுத்த வருஷ ஐ.பி.எல். ஏலத்துல 10 லட்சம் அடிப்படை விலையில இருந்து ஏறி 3 கோடிக்குப் பஞ்சாப் எடுத்துச்சு. ஆனா அவருக்கு அதே ஊர்ல ஜெயப்பிரகாஷ்னு ஒரு அண்ணன் இருந்தார். சென்னைக்குக் கூட்டிட்டுப் போய் கிளப்புல சேத்துவிட்டதே அவர்தான். பல வருஷம் சென்னை லீக்ல ஆடி, 2015-ல ரஞ்சியும் ஆடின பிறகுதான் டி.என்.பி.எல். வந்துச்சு. லிஸ்ட்ல அவர் பேரு ஏற்கெனவே இருந்துச்சு. ஊருக்கு ஊர் ஒரு ஜெயப்பிரகாஷ் இருப்பார்னு நம்பி ஒரு மாநிலம் ஆளெடுக்க முடியுமா?

கனடாவுலயும் அழைப்பு வந்தாத்தான் அந்த அளவெடுப்புக்குப் போக முடியும். ஆனா அங்கே காலேஜ் டீம்ல ஆடறதையே ஆள் வெச்சுப் பாக்கறாங்க. நம்ம ஊர்ல தடுக்கி விழுந்தா இன்ஜினியரிங் காலேஜ், நானே அப்படி ஒண்ணுல விழுந்து எழுந்தவன்தான். அந்த கிரவுண்டுகளுக்கு யார் வந்து பாக்கறா?

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. வருஷத்துக்கு ஒரு நாள், மாவட்டத்துக்கு ஒரு கிரவுண்ட், ஒரு ஸ்பீடு கன். கிளப் பேரு கேக்காம, வர்றவன் கையில பந்தைக் கொடுங்க. வேகமாப் போடறவங்க பேரை எழுதிகிட்டு, மூணு மாசம் தங்க இடமும் சாப்பாடும் கொடுங்க. ஏலத்துல ஒரு ஆளுக்கு 21 லட்சம் கொடுக்க முடியற லீக்குக்கு இது முடியாத செலவா?

போன பொங்கலுக்கு அவனைப் பாத்தேன். மலையில இருந்து ஆத்தூர் சேகோ ஃபேக்டரிக்கு மரவள்ளி லோடு அடிக்கிறான். டி.என்.பி.எல். பாக்கறியாடான்னு கேட்டேன். "பாப்பேன் மாப்ள, ஸ்பீடு எவ்ளோன்னு ஸ்கிரீன்ல போடுவான்ல, அதை மட்டும்"னான். அவன் பந்தை இதுவரைக்கும் எந்த மெஷினும் அளந்ததில்ல.