கொம்புத் தொப்பிக்குள் ஒரு மேதை

நியூயார்க் நகரம். ஆறாவது அவென்யூ, 54-வது தெரு முனை. 1960-களில் ஒரு காலை நேரம்.

ஆபீஸ் கூட்டம் அடித்துப் பிடித்து ஓடுகிறது. நடுவே ஒருவர் அசையாமல் நிற்கிறார். மார்பு வரை தாடி. தலையில் கொம்பு வைத்த தொப்பி. தோளில் அங்கி. கையில் ஈட்டி! இரண்டு கண்ணும் தெரியாது.

"யாருப்பா இந்தக் கோமாளி?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டியவர்களே அதிகம்.

பெயர் லூயிஸ் ஹார்டின். அவரே வைத்துக்கொண்ட பெயர் 'மூன்டாக்'. நிலாவைப் பார்த்து ஊளையிடும் தன் பழைய நாயின் நினைவாக வைத்தாராம்! 1916-ல் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். 16 வயதில் வெடிமருந்துக் குப்பி ஒன்றை எடுத்து நோண்டினார். வெடித்தது. பார்வை போனது. பிறகு பார்வையற்றோர் பள்ளியில், விரலால் தடவிப் படிக்கும் பிரெய்லி புள்ளிகளில் இசை கற்றார். 1943-ல் நியூயார்க் வந்தார். தெருமுனைதான் அவருக்கு ஆபீஸ். தன் கவிதைகளையும் இசைத்தாள்களையும் அங்கே நின்று விற்றார். சும்மா கையேந்திய ஆள் அல்ல.

5 எண்ணிக்கை, 7 எண்ணிக்கைத் தாளங்கள் என்றால் அவருக்கு உயிர். நம்மூர் வித்வான்கள் கண்டம், மிஸ்ரம் என்பார்களே, அதே எண்ணிக்கை. தெருச் சத்தத்தையும் ரிக்கார்டில் சேர்த்தார். சொந்தமாக வாத்தியங்களும் செய்தார்.

விஷயம் தெரிந்தவர்கள் கண்டுகொள்ளாமல் இல்லை. நியூயார்க் பில்ஹார்மோனிக் நடத்துனர் ரொட்ஜின்ஸ்கி ஒத்திகைக்கே அனுமதித்தார். ஆலன் ஃப்ரீட் என்ற பிரபல ரேடியோக்காரர் 'மூன்டாக்' பெயரில் நிகழ்ச்சி நடத்தினார். தெருவாசிதானே, என்ன செய்துவிடுவான்? கோர்ட்டுக்குப் போனார் தெருவாசி! 1954-ல் ஜெயித்தார். ரேடியோக்காரர் அந்தப் பெயரையே விட வேண்டியதாயிற்று. 1969-ல் கொலம்பியா கம்பெனி பெரிய இசைக் குழுவோடு அவரது இசைத்தட்டை வெளியிட்டது.

அப்புறமும் தெருதான்!

காரணம் வறுமை மட்டுமல்ல. மனதில் ஓடும் இசையைப் புள்ளியாகக் குத்தி வைக்கிறார். வயலின்காரருக்கு அந்தப் புள்ளி புரியுமா? ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக, ஒவ்வொரு ஸ்வரமாகச் சொல்லச் சொல்ல, கண் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். அதற்குக் கூலி வேண்டும். தெருவில் விற்ற காசு எந்த மூலைக்கு? கொம்புத் தொப்பியைப் பார்த்துச் சிரிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எழுத ஆள் இல்லை. அவ்வளவு பெரிய நகரத்துக்கு இது பெருமையா?

1974-ல் கச்சேரிக்காக ஜெர்மனி போனார். திரும்பவில்லை. "கிழவன் செத்துட்டானாம்" என்று நியூயார்க்கில் பேச்சு.

சாகவில்லை. அங்கேயும் தெருவில்தான் நின்றார். இலோனா என்ற மாணவி கண்டார். வீட்டுக்கே அழைத்துப் போனார். குடும்பமே அவரை வைத்துக்கொண்டது. அவர் சொன்ன இசையை அந்தப் பெண் பொறுமையாக ஸ்வரக் குறியீட்டில் எழுதிக் கொடுத்தார். பெட்டியில் தூங்கிய புள்ளிகள் மேடை ஏறின. கொம்புத் தொப்பியும் கழன்றது!

1999-ல் ஜெர்மனியில் காலமானார். அதே ஆண்டு அவருடைய ஒரு மெட்டின் துண்டை எடுத்து ஓர் ஆங்கிலேயர் பாட்டுப் போட்டார். அந்தப் பாட்டு பிறகு அமெரிக்கக் கார் விளம்பரத்தில் ஒலித்தது. கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஈட்டிக்காரர் நினைவு வந்திருக்கும்?

சாவதற்கு 10 ஆண்டு முன்பு, 1989-ல், நியூயார்க் அவரைத் திரும்ப அழைத்தது. புரூக்ளின் பில்ஹார்மோனிக் குழு அவர் இசையை வாசித்தது. நடத்துனர் நிற்கும் மேடையில் ஏற அவர் சம்மதிக்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து, டிரம்மைத் தட்டித் தாளம் காட்டினார்.