கடற்பனி என்னும் அலைத்தடுப்பு

2023 பிப்ரவரியில் அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள கடற்பனி சுமார் 17.9 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. 1970களின் இறுதியில் தொடங்கிய செயற்கைக்கோள் கணக்கெடுப்பில் அதுவரை காணாத குறைவு அது. "மிதக்கிற பனிதானே, உருகினால் கடல்மட்டம் உயராதே" என்று நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி அது ஏறக்குறைய சரிதான். ஆனால் அந்தப் பனிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது.

புயல் எழுப்பும் அலை பனிப்பரப்புக்குள் நுழையும்போது இரண்டு வழிகளில் வலுவிழக்கிறது. ஒவ்வொரு பனிப்பாளத்தின் விளிம்பிலும் மோதும்போது அதன் ஒரு பகுதி வேறு திசைகளில் சிதறிப் போகிறது. பாளங்கள் வளைவதிலும், ஒன்றோடொன்று உரசுவதிலும், அடியில் நீரோடு உராய்வதிலும் இன்னொரு பகுதி ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. குறுகிய அலைகள் சீக்கிரம் அடங்கிவிடும். நீண்ட அலைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே போகும். மின்னணுவியல் படித்தவர்களுக்கு லோ-பாஸ் ஃபில்டர் ஞாபகம் வரலாம்.

கிலோமீட்டருக்கு இத்தனை சதவீதம் என்ற விகிதத்தில் அலை தேயும் என்பதே வெகுகாலமாக இருந்த கணக்கு. கூட்டு வட்டியைத் தலைகீழாகப் போட்டதுபோல. அலிசன் கோஹூட் குழுவினர் 2014-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட அளவீடுகளில் 3 மீட்டருக்கு மேற்பட்ட அலைகள் அப்படித் தேயவில்லை. தூரத்துக்கு ஏற்பச் சீராக, மெதுவாகவே தணிந்தன. அதாவது பெரிய அலைகள் நினைத்ததைவிட வெகுதூரம் சென்று பனியை உடைக்கக்கூடியவை.

பனியைத் தாண்டி அலை வந்துவிட்டால் என்ன ஆகும்? 2002-ல் லார்சன் பி என்ற பனித்தட்டு, சுமார் 3,250 சதுர கிலோமீட்டர், சில வாரங்களில் நொறுங்கியது. பனித்தட்டு என்பது நிலத்துப் பனி வழிந்து வந்து கடலில் மிதக்கும் பகுதி. உருகுநீர் தேங்கி அதில் ஏற்கெனவே விரிசல்கள் விழுந்திருந்தன. முன்னால் கடற்பனி இல்லாததால் அலைகள் அதன் விளிம்பை நேரடியாக அசைத்தன. உடைவைத் தூண்டியதில் அவற்றுக்கும் பங்குண்டு என்று ராப் மாசம் குழுவினர் 2018-ல் எழுதினார்கள். தட்டு போனபின் அதன் பின்னாலிருந்த பனியாறுகள் பல மடங்கு வேகமெடுத்தன. அவை நிலத்துப் பனி, கடல்மட்டத்தை உயர்த்துபவை.

ஆகவே என் நண்பர்களின் கேள்விக்கு விடை, கடற்பனி கடல்மட்டத்தை நேரடியாக உயர்த்துவதில்லை, உயர்த்தக்கூடியதற்குக் காவலாக நிற்கிறது என்பதுதான். ஆண்டுதோறும் செய்திகளில் மொத்தப் பரப்பளவு மட்டுமே வருகிறது. எந்தப் பனித்தட்டின் முன்னால் எத்தனை நாள் பனியில்லாமல் திறந்த கடல் கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆபத்தின் அளவு நமக்குப் புரியும்.