கருவி மட்டும் போதுமா?

1971-இல் லண்டனில் உயிருள்ள மனிதரின் மூளையை முதன்முதலாக 'ஸ்கேன்' எடுத்துக் காட்டியது பொறியாளர் ஹவுன்ஸ்பீல்டின் கருவி. 1979-இல் கார்மக்குடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவ்வழி வந்த படக்கருவியே இன்று புற்றுநோய்க் கதிர் சிகிச்சைக்குக் கண். மூச்சு விட்டாலே நுரையீரல் கட்டி இடம் மாறும். படம் பார்த்துக் குறியைத் திருத்திக் கதிர் செலுத்துவதால் கட்டியைச் சுற்றியுள்ள நல்ல தசை பெரும்பாலும் தப்புகிறது.

ஆனால் இச்சிகிச்சை பலருக்கு வாரக்கணக்கில் நீளும். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் நெடுநாள் இருப்பவருக்கு நீடித்த நோய்க்கால உதவித்தொகை உண்டு. தினக்கூலிக்கு? வேலைக்குப் போகாத நாளில் அடுப்பு எரியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் நோய் தலைதூக்கும்.

ஊர்விட்டு ஊர் வந்து உழைப்பவருக்குச் சிகிச்சைக் காலத்தில் உதவித்தொகையும், மருத்துவமனை அருகே தங்குமிடமும் அரசு தர வேண்டும். கருவி குறி தப்பாமல் இருந்தென்ன, நோயாளி வரமுடியாமல் போனால்?